அடுப்பு யார் மூலம் வந்தது

மழைக்காலத்தில் குசினி வாசலில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாடம் படித்த என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது. மீதிப் பேருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் வயதைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

போன மாதம் நம் மலையகத்து மஸ்கெலியாவில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மண்சரிவு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் புது ஏற்பாட்டைப் பற்றிய கூட்டம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. பேசிய இளைஞர் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். நடுவில் பெரிய வட்டம், அதற்குள் தலைவர். அதிலிருந்து நாலு பக்கமும் கோடுகள். கோட்டு நுனிகளில் பொட்டுப் பொட்டாகச் சின்ன வட்டங்கள். அவை நாம்.

“தோட்டத்து மக்கள் புதுசா எதையும் லேசுல ஏத்துக்க மாட்டாங்க. அதனால மொதல்ல தலைவர்மார் கையில குடுப்போம். அவங்க மூலமா எல்லாருக்கும் போயிரும்” என்றார்.

கூட்டத்தில் கொடுத்த பனிஸ் ரொட்டியைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆத்திரம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுதத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகிற அடுப்புக் கதை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு லயங்கள், ஒட்டிக் கட்டிய இரண்டு வீட்டு வரிசைகள். ரோட்டை ஒட்டி மேட்டு லயம். பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில், பணிய லயம். தண்ணீர் பிடிக்க மேட்டு லயத்துக்கு ஒரு பீலி, பணிய லயத்துக்கு ஒரு பீலி. ஒரே மலையில் ஊறிய தண்ணீர்தான். ஆனால் இந்தக் குடம் அந்தப் பீலிக்குப் போகாது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மேட்டு லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு.

அந்தக் குசினியை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் கிடையாது. மூன்று கல். எரிப்பதற்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகள். வெயில் காலத்தில் அது சடசடவென்று எரியும். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதம் எதுவும் காயாது. ஈர மிலாறு தீயாக எரியாமல் புகையாக வரும். தகரக் கூரையில் பிடித்த கரி, ஆவி பட்டு ஊறி, கறுப்புச் சொட்டாக விழும். தேத்தண்ணியில் விழும், ரொட்டி மாவில் விழும், தலையில் விழும். என் பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே எங்கள் வகுப்பு ஆசிரியர் மூக்கைச் சுளிப்பார். “கருவாட்டைச் சுத்தி வச்சிருந்தியா?” என்று ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் டவுனிலிருந்து வந்தவர்.

தம்பிக்கு ஒன்றரை வயது. மழை தொடங்கியதும் அவனுக்கு இழுப்பு தொடங்கிவிடும். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்க்கும் முன்பே அடுப்பில் குனிவாள். தம்பி அவள் காலைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் நிற்பான். தூக்கி வெளியே விட்டால் மழை. உள்ளே விட்டால் புகை.

அந்த வருஷம்தான் வெல்பெயர் அம்மா புகையில்லா அடுப்பைக் கொண்டுவந்தார். தோட்டத்து நலன்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் அவர். குடை, சப்பாத்து, தோளில் ஒரு பை. கெட்டவர் இல்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சொறி மருந்து பூசும்போது தன் கையாலேயே பூசுவார். அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், முதலில் செல்வாக்குள்ள நாலு வீடுகளில் அடுப்பைக் கட்டு, அதைப் பார்த்து மற்றவர்கள் கட்டிக்கொள்வார்கள் என்று. அவரும் அப்படியே செய்தார்.

நாலு வீடுகள் எவை என்றால், சங்கத் தலைவர் வீடு, கங்காணி வீடு, கங்காணியின் மருமகன் வீடு, கோயில் கமிட்டிப் பெரியவர் வீடு. நாலும் ஒன்றுக்குள் ஒன்று சம்பந்தம் செய்துகொண்டவை. இந்த வீட்டில் கல்யாணம் என்றால் அந்த மூன்று வீடும் சமைக்கும். மற்ற யாரும் அவர்கள் முன்திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தது கிடையாது. என் அம்மா பத்து வருஷம் அதே லயத்தில் இருந்தாள். கங்காணி வீட்டுக் குசினி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நாலு குசினிகளுக்குள் அடுப்பைக் கட்டிவிட்டு, எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று காத்திருந்தார்கள். யார் பார்ப்பது? எந்த ஓட்டை வழியாகப் பார்ப்பது?

அந்த நாலு வீட்டுப் பெண்களுக்கும் அது தேவைப்படவும் இல்லை. மூன்று வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. கங்காணியின் சம்சாரம் புது அடுப்பின் பள்ளத்தில் வைக்கோல் போட்டு, கோழியை அடைக்கு வைத்திருந்தார். குஞ்சு பொரித்த அன்று அவருடைய மகள்தான் பள்ளிக்கூடத்தில் வந்து பெருமையாகச் சொன்னாள். “எங்க அடுப்புல பதினோரு குஞ்சு.”

இரண்டு மாதம் கழித்து வெல்பெயர் அம்மா வந்து பார்த்தார். நாலு அடுப்பு நாலாகவே இருந்தது. “இந்தப் பொம்பளைங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்று தலைவர் அவரிடம் சொன்னார். எங்களிடம் ஒரு சொல் சொல்லாத மனிதர் அப்படிச் சொன்னார். அதைத்தான் வெல்பெயர் அம்மா எழுதிக்கொண்டு போயிருப்பார்.

இனி வாசக்கூட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

துரை பங்களா வாசல், தேயிலை அரைக்கும் ஸ்டோரின் முற்றம், மருந்துக் காம்பரா, இரண்டு லயத்துக் கழிவுநீர்க் கான்கள், எல்லாவற்றையும் கூட்டுகிற பெண். பணிய லயத்துக்காரர். என் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நாங்கள், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள், அவரை “நீ”, “வா”, “போ” என்றுதான் கூப்பிட்டோம். அதை எழுதும்போது இந்த வயதில் எனக்கு முகம் சுடுகிறது. இந்தக் கதையில் யாருக்கும் நான் பேர் கொடுக்கவில்லை, தலைவருக்கும் கொடுக்கவில்லை. அவர் ஒருவர் மட்டும் பேரில்லாமல் நிற்க வேண்டாம் என்றுதான்.

நாலு வீடுகளுக்கும் அடுப்புக் கட்ட ஒரு மேசன் பாஸ், சிங்களக் கொத்தனார், வந்திருந்தார். மண் சுமக்கவும் குழைக்கவும் ஆள் வேண்டும் என்றதும் வாசக்கூட்டியை விட்டார்கள். மண் வேலை என்பதால் அந்த நாலு நாளும் குசினிக்குள் போக அவருக்கு அனுமதி. பிறகு தண்ணீர் தெளித்து விட்டிருப்பார்கள், அது வேறு. பாஸ் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் விளக்கம் சொன்னார். வீட்டுக்காரப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்று தலையாட்டினார்கள். வாசக்கூட்டி அடுப்பின் தொண்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு மண்ணை அப்பிக்கொண்டிருந்தார். பாடம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

நாலாவது அடுப்பு காய்ந்த வாரத்தில் அவர் தன் காம்பராவில் ஐந்தாவதைக் கட்டினார். புற்று மண், சாணி, பொடியாக நறுக்கிய மானாப்புல். நெருப்பு ஓடுகிற வழிக்குப் பங்களாவில் எறிந்த பியர் போத்தலை மண்ணுக்குள் புதைத்து, இறுகியதும் உருவி எடுத்தார். புகைக்குழாய்க்கு ஸ்டோரில் கழித்த எண்ணெய்த் தகரங்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, சுவர் வழியாக வெளியே விட்டார். எந்த அதிகாரியும் அதைப் பார்க்கவில்லை. பணிய லயத்தில் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு விஷயம் உண்டு. லயத்தில் இருக்கிற மேடும் பள்ளமும் தேயிலைச் செடிக்குத் தெரியாது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்த வரிசைப்படி, ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்துக் கொடுப்பார்கள். அந்த மழையில் ஒரு நாள் அம்மாவுக்குப் பக்கத்து நிரை வாசக்கூட்டியின் மகளுக்கு விழுந்தது. அவளுக்கும் கைப்பிள்ளை. கை கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, வாய் சும்மாதானே இருக்கும்.

“உங்க மகனுக்கு இழுப்பு எப்படி இருக்குங்க?” என்று அவள் கேட்டாளாம்.

“அப்படியேதான். ராத்திரியெல்லாம் மடியிலயே வச்சிருக்கேன்.”

“எம் மகளுக்கு விட்டுப் போச்சுங்க. அம்மா அடுப்பு கட்டினதுலருந்து வீட்டுக்குள்ள பொகையே இல்ல.”

அந்த ஒரு பேச்சுதான். செல்வாக்குள்ள நாலு வீடும் இரண்டு மாதத்தில் செய்யாததை, மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்ற இரண்டு தாய்மார் செய்து முடித்தார்கள்.

அன்று சாயந்தரம் அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஸ்டோரில் வேலை. அதிர்ந்து பேசாத மனிதர், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவர்.

“குசினிக்குள்ள அவள விடுறதா? நாளைக்குக் கோயில்ல நம்ம பொங்கப் பானைய ஏத்துக்குவாங்களா?”

“புள்ள மூச்சு நின்னா கோயில் வந்து குடுக்குமா?”

“சத்தம் போடாத. பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்கும்.”

அவர் சரி என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹட்டன் டவுனுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். அம்மாவும் நானும் வாசக்கூட்டியுமாக வேலையைத் தொடங்கினோம். ஓடைக்கரைப் புற்றிலிருந்து நான் சட்டியில் மண் சுமந்தேன். வாசக்கூட்டி முதல் தடவையாக எங்கள் குசினிக்குள் வந்தார். தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார், வாசல் நிலை உயரமாகத்தான் இருந்தது. வேலை தொடங்கியதும் ஆள் மாறிவிட்டார். “இங்க புடிங்க.” “அத எடுங்க.” “தண்ணி போதும், போதுங்க.” அம்மா அவர் சொன்னபடி ஓடினாள். மத்தியானம் அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அவர் இஸ்தோப்புக்கு வெளியே கானோரம் போய்க் குந்தி, மழையில் நனைந்துகொண்டே குடித்தார். எங்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத்தான் இப்போது மன்னிக்க முடியவில்லை.

பக்கத்தில் மூன்று கல்லை எரியவிட்டு, புது அடுப்பைக் காயவைக்க ஒரு வாரம் எடுத்தது. முதல் நாள் பற்றவைத்தபோது, புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போனது. குசினிக்குள் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சமைக்கும்போது அவள் முகத்தை நான் அதுவரை தெளிவாகப் பார்த்ததே இல்லை. வலது புருவத்துக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

பத்து நாளில் தம்பியின் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தம்பி போய்ச் சொன்னான். எப்படியென்றால், புள்ளைக் காம்பராவில் பால் கொடுக்க வருகிற தாய்மார் அத்தனை பேரும் அவன் விசிலைக் கேட்டுப் பழகியவர்கள். விசில் நின்றதும் என்ன செய்தாய் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள் ஆறு பேர், அவர்கள் நிரைக்காரிகள் நாலு பேர், ஒருத்தியின் நாத்தனார், ஒருத்தியின் அக்காள். மழை விடுவதற்குள் மேட்டு லயத்தில் பதின்மூன்று குழாய்கள் புகை விட்டன. எல்லாமே அந்த ஒரு பெண் கட்டியவை. ஞாயிற்றுக்கிழமையில் ஆண்கள் வெளியே போன பிறகு அவர் வருவார், கானோரம் குந்தித் தேத்தண்ணி குடிப்பார், போவார். மற்ற நாட்களில் கான் கூட்டிக்கொண்டு வரும்போது, கயிற்றில் மானாப்புல் கத்தை ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்துக் கரியைத் தட்டிவிட்டுப் போவார். யாரும் கேட்கவில்லை. அவராகவே செய்தார்.

பதின்மூன்று குழாய்கள் ரோட்டிலிருந்து தெரியும் அல்லவா. வெல்பெயர் அம்மாவும் பார்த்துவிட்டார். சந்தோஷத்தில் கமெராவோடு வந்தார். கூடவே தலைவர், கங்காணி, கங்காணியின் சம்சாரம். எங்கள் காம்பராதான் கடைசி என்பதால் பாதையிலிருந்து ஏறினால் முதலில் வருவது அதுதான். அப்பா கைகட்டிக்கொண்டு நின்றார்.

“நல்லா கட்டியிருக்கீங்க. யார் சொல்லித் தந்தது?” என்று வெல்பெயர் அம்மா என் அம்மாவைக் கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலைவரைப் பார்த்தார். கங்காணியின் சம்சாரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவர் வீட்டம்மாவப் பாத்துத்தாங்க கத்துக்கிட்டோம்” என்றாள் அம்மா.

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, “நம்ம ஆளுங்களுக்கு நாமதான சொல்லணும்” என்றார். வெல்பெயர் அம்மா எழுதிக்கொண்டார். தலைவரின் சம்சாரத்தைக் கூட்டிவந்து, எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். அந்த அம்மா எங்கள் குசினிக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

பத்தடி தள்ளி, கானுக்குள், விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வாசக்கூட்டி நின்றார். அவருக்குக் கேட்டது. எனக்குத் தெரியும், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாய் இருந்தது. நானும் திறக்கவில்லை.

மறுநாள் அவர் எங்கள் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தபோது அம்மா இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டாள். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அவர் நிமிரவில்லை. “வேணாங்க. தலைவர் வீட்டம்மாவுக்குக் குடுங்க” என்றார்.

அன்றிலிருந்து கானை மட்டும் கூட்டினார். குழாய்ப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மாதம் போனது. கரி அடைத்துக்கொண்டது. புகை போக வழியில்லாமல் உள்ளே திரும்பியது. ஒருத்தி அடுப்பு வாயை உடைத்துப் பெரிதாக்கினாள். ஒருத்தி உள்ளே கையை விட்டு, நெருப்பைத் தடுத்து மேலே தள்ளுகிற மண் மேட்டைப் பிய்த்து எறிந்தாள், அதுதான் அடைப்பு என்று நினைத்து. வெளி உருவம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஏனென்றால் அதைத் தெரிந்தவரை நாங்கள் கானோரம் குந்த வைத்திருந்தோம். பதின்மூன்றில் ஒன்பது மறுபடி மூன்று கல்லாகிவிட்டன. எங்களுடையது மிஞ்சிய நாலில் ஒன்று, ஆனால் அதுவும் புகையை உள்ளேதான் கக்கியது.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பெரட்டில் வைத்தே சொன்னார். “குடுத்தாலும் வச்சிக்கத் தெரியாது ஒங்களுக்கு. மாட்டுத் தொழுவத்துலதான் சரிப்படும்.”

கொடுத்தார்களாம். யார் கொடுத்தது? எதைக் கொடுத்தார்கள்? அம்மாவும் மற்றப் பெண்களும் தலை குனிந்து நிற்க, நான் புத்தகப் பையோடு பாதையோரத்தில் நின்று கேட்டேன். அந்தச் சொல் என் காதைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

ஐப்பசி மழையில் தம்பிக்கு இழுப்பு முற்றியது. இந்தத் தடவை உதடு நீலமாகிவிட்டது. அப்பா அவனைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினார். அங்கிருந்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு. ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தான். அங்கே தாதி ஒருவர் அம்மாவிடம் கேட்டாராம், “வீட்டுல பொகையா?” என்று. வேறொன்றும் கேட்கவில்லையாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், வேலைக்குப் போகாமல், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பணிய லயத்துக்கு இறங்கினாள். கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தப் படியில் இறங்கியதில்லை. வாசக்கூட்டியின் காம்பரா வாசலில் போய் நின்றாள். அவர் உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். புகையே இல்லை.

“நான் பொய் சொல்லிட்டேங்க” என்றாள் அம்மா. அவரை அவள் “ங்க” போட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “தெரியுமே. நான் அங்கதான நின்னேன்.”

“புள்ளைக்கு ஒதடு நீலமாயிருச்சு.”

வாசக்கூட்டி ரொட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவர் நகர்ந்து இடம் விட்டார். “உள்ள வா. நின்னுக்கிட்டே கேட்டா வெளங்காது. கைய உள்ள விடணும்.”

அம்மா உட்கார்ந்தாள். அடுப்பை அணைத்து, ஆறவைத்து, அம்மாவின் கையைப் பிடித்து அடுப்பின் தொண்டைக்குள் விட்டார். “இது மேடு. தெரியுதா? அதுக்கும் சட்டிக்கும் நாலு வெரல் இருக்கணும். அஞ்சு வச்சா சூடு பத்தாது, மூணு வச்சா பொகை திரும்பிரும். இங்கருந்து சரிவு. தடவிப் பாரு.” அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். இழுப்புள்ள பிள்ளையின் நெஞ்சைத் தடவுகிற மாதிரியே இருந்தது அது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அம்மா எங்கள் அடுப்பைத் தானே பிரித்துக் கட்டினாள். வாசக்கூட்டி வந்தார். அப்பா வீட்டில் இருக்கும்போதே வந்தார். அப்பா எழுந்து பீலிப் பக்கம் போனார். பிறகு இரண்டு பேருமாக மற்ற வீடுகளுக்குப் போனார்கள். சில வீடுகள் கதவைத் திறக்கவில்லை. அந்த வருஷம் கோயிலில் எங்கள் பொங்கல் பானையை உண்மையிலேயே ஓரத்தில்தான் வைத்தார்கள். அம்மா ஓரத்திலேயே பொங்கினாள்.

மார்கழிப் பனியில் வெல்பெயர் அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். அடுப்பு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்க்கென்று இரண்டு நல்ல தகரம் கிடைக்கும். புத்தகத்தில் பேரெழுதி, பெருவிரல் வைக்க வேண்டும். அம்மா புத்தகத்தை என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்குன்னு படி” என்றாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே அச்சடித்திருந்தது, ‘தலைவர் மூலம் பயிற்சி பெற்றேன்.’

“இத அடிச்சிட்டு, அவங்க சொல்லித் தந்தாங்கன்னு எழுதுங்கம்மா” என்று அம்மா வாசக்கூட்டியின் முழுப் பேரையும் சொன்னாள். அந்த லயத்தில் அந்தப் பேரைச் சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெல்பெயர் அம்மாவின் முகம் சங்கடமாகிவிட்டது. “போன தடவை நீங்கதானே வேற மாதிரி சொன்னீங்க?”

“போன தடவை பொய் சொன்னேன்.”

“இதுல அதுக்கு எடமில்லம்மா. அச்சடிச்சே வந்திருக்கு. மேல கேள்வி கேப்பாங்க. பெருவிரல வச்சிட்டு தகரத்த வாங்கிக்கங்க.”

“அப்ப எனக்கு வேணாங்க” என்று அம்மா புத்தகத்தை மூடிக் கொடுத்தாள்.

பணிய லயத்துக்கு அந்தப் புத்தகம் போகவே இல்லை. தலைவர் அவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. முதலில் கட்டியவருக்கே தகரம் இல்லை. தகரம் வாங்கிய முதல் நாலு வீடுகளில் ஒன்று, அந்தக் கோழி அடைகாத்த வீடு.

நடந்ததை மகள் சொல்லி, வாசக்கூட்டிக்குத் தெரிந்தது. அன்று பின்னேரமே எங்கள் குசினிக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

“ஏன் புள்ள, ஒனக்குப் புத்தி இருக்கா?” என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு தகரம். புதுத் தகரம். எண்ணெய்த் தகரம் ஓட்டை விழுந்து கெடக்கு, எனக்குத் தெரியாதா? அத வாங்கிக் குடுத்திருந்தா ரெண்டு வீட்டுக்குக் கொழா மாத்தியிருப்பேன். எம் பேர எழுதி நான் என்ன செய்ய? நெத்தியில ஒட்டிக்கவா?”

“நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லணும்ல” என்றாள் அம்மா.

“யார் கேட்டா ஒன்ன?”

“ஒரு தடவ பொய் சொல்லிட்டேன். மறுபடியும் அந்தப் பொய்க்கு வெரல் வைக்கச் சொல்றீங்களா?”

“புள்ளைக்கு மூச்சு பெருசா, ஒன்னோட வெரல் பெருசா?”

விளக்கு வைக்கும் வரை இரண்டு பேரும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் இன்று இல்லை. தம்பி கொழும்பில் கடை வைத்திருக்கிறான், பனி பட்டால் இன்னும் இருமுகிறான்.

அதில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. அவர்கள் கேட்டது அதிகமில்லை. ஒரு வரி எழுத்து, இரண்டு தகரம். ஆனால் அதில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும், இரண்டும் சேர்ந்து தங்களுக்குக் கிடைக்காது என்பது அந்த இரண்டு பெண்களுக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அதனால்தான் கொடுக்காதவர்களோடு சண்டை போடாமல், தங்களுக்குள் சண்டை போட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.